பத்திரமும் பட்டாவும் ஒத்துப்போகும்போது, வீடு வாங்குவதற்கு முன் நில அளவையும் கட்டட ஆய்வும் தேவையா?

தாம்பரம்_ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் மேற்குத் தாம்பரத்தைத் தாண்டி, முடிச்சூர் சாலைப் பக்கத்தில் ஒரு தனி வீட்டைப் பார்த்திருக்கிறோம். மனை ஒரு கிரவுண்டு. பத்திரத்தில் 40க்கு 60 அடி, 2,400 சதுர அடி என்று இருக்கிறது. தரைத்தளம் 1992இலும் முதல் தளம் 2006இலும் கட்டப்பட்டவை என்று விற்பவர் கூறுகிறார். மனைக்குச் சதுர அடி 4,500 ரூபாய் என்றும் கட்டடத்துக்கு 22 லட்சம் என்றும் கணக்கிட்டு, மொத்தம் 1 கோடியே 30 லட்சம் கேட்கிறார்.

வழக்கறிஞர் மூலப்பத்திரம் முதல் வில்லங்கச் சான்று வரை பார்த்துவிட்டு, உரிமையில் குறை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பட்டாவில் பரப்பு 2.23 ஏர் (ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர்) என்று உள்ளது. மாற்றிப் பார்த்தால் 2,400 சதுர அடிதான் வருகிறது. வங்கியிலிருந்தும் மதிப்பீட்டாளர் ஒருவர் வருவார் என்கிறார்கள். இந்த நிலையில், தனியாக ஒரு நில அளவரையும் கட்டமைப்புப் பொறியாளரையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்று என் தம்பி வற்புறுத்துகிறான். அளவைக்கு 9,000, பொறியாளருக்குச் சோதனைகளுடன் சேர்த்து 18,000, ஆக 27,000 ரூபாய் கேட்கிறார்கள். தரகரோ, இப்படியெல்லாம் கேட்டால் விற்பவர் மனம் மாறிவிடுவார், வரிசையில் வேறு இருவர் காத்திருக்கிறார்கள் என்கிறார்.

காகிதங்கள் அனைத்தும் ஒன்றுக்கொன்று பொருந்தும்போது இந்தச் செலவு தேவைதானா? தேவை என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பா, பின்பா?

பழைய_மாம்பலம் எழுதியது:

வணக்கம் அம்மா. நான் என் வாழ்நாளில் மூன்று வீடுகள் வாங்கியிருக்கிறேன். ஒன்றுக்கும் பொறியாளரை அழைத்ததில்லை. முப்பது ஆண்டுகள் நின்ற வீடு இன்னும் முப்பது ஆண்டுகள் நிற்கும். சுற்றுச்சுவர் நான்கு பக்கமும் இருக்கிறதா, பக்கத்து வீட்டாரோடு சண்டை ஏதும் உண்டா, மழைக்காலத்தில் தண்ணீர் நிற்குமா என்று தெருவில் நான்கு பேரிடம் விசாரித்தால் போதும். டேப் ஒன்றை வாங்கி நீங்களும் உங்கள் கணவருமே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அளந்துவிடலாம். நல்ல இடம் அமைவது அரிது. ஆளை வைத்து அளக்கிறேன் என்று விற்பவரைச் சந்தேகப்படுவது போல நடந்துகொண்டு கைநழுவ விட்டுவிடாதீர்கள்.

சங்கிலி_அளவர் எழுதியது:

அம்மாவுக்கு வணக்கம். நில அளவைத் துறையில் குறுவட்ட நில அளவராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அளவையைப் பற்றி மட்டும் கூறுகிறேன்.

பத்திரமும் பட்டாவும் ஒத்துப்போகின்றன என்பதை நீங்கள் இரண்டு சாட்சிகள் ஒரே உண்மையைச் சொல்வதாக எடுத்துக்கொள்கிறீர்கள். பல இடங்களில் அவை இரண்டு சாட்சிகள் அல்ல. ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதியிருப்பார்கள். மனைப்பிரிவு போடப்பட்ட காலத்தில் வரைபடத்தில் 40க்கு 60 என்று கோடு கிழித்தார்கள், அதையே பத்திரத்தில் எழுதினார்கள், பிறகு உட்பிரிவு செய்தபோது பத்திரத்திலிருந்த பரப்பே ஏர்க் கணக்குக்கு மாறிப் பட்டாவில் ஏறியது. தரையில் கல் எங்கே நடப்பட்டது, அந்தக் கல் இன்றும் அங்கேயே இருக்கிறதா, சுற்றுச்சுவரை எழுப்பிய கொத்தனார் கல்லைப் பார்த்துக் கட்டினாரா அல்லது பக்கத்துச் சுவரைப் பார்த்துக் கட்டினாரா என்ற கேள்விகளுக்கு இந்தக் காகிதங்களில் பதில் கிடையாது.

டேப் வைத்து நீங்களே அளக்கலாம் என்று மேலே பெரியவர் கூறியிருப்பதில் இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது, நீங்கள் அளப்பது சுவரைத்தான்; எல்லையை அல்ல. முறையாக அளப்பவர், உங்கள் மனையில் தொடங்கவே மாட்டார். உங்கள் புல எண்ணுக்குரிய புலப்படத்தை, அதாவது அந்தப் புலத்தின் அரசு அளவை வரைபடத்தை, எடுத்துக்கொண்டு, அந்தப் புலத்தின் மூலைகளில் அசையாமல் எஞ்சியிருக்கும் பழைய கற்களில் குறைந்தது இரண்டு மூன்றைத் தேடிக் கண்டுபிடித்து, அவற்றுக்கிடையே உள்ள தூரம் படத்தோடு பொருந்துகிறதா என்று சரிபார்த்த பிறகே, அங்கிருந்து உங்கள் மனையின் மூலைகளுக்கு வந்து சேருவார். அளக்க வந்தவர் உங்கள் வாசற்படியில் கருவியை நிறுத்தி அரைமணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டால், அவருக்குக் கொடுத்த பணம் வீண்.

இரண்டாவது குறை பெரும்பாலோர் கவனிக்காதது. நான்கு பக்கங்களின் நீளம் மட்டும் தெரிந்தால் ஒரு நாற்கரத்தின் பரப்பு தெரிந்துவிடாது. நான்கு குச்சிகளை மூலைகளில் ஆணியடித்து இணைத்து ஒரு சட்டம் செய்து, அதைச் சற்றே சாய்த்துப் பாருங்கள். பக்கங்கள் மாறவில்லை, ஆனால் உள்ளே அடங்கும் இடம் குறைந்துகொண்டே போகும். பக்கங்கள் துல்லியமாக 40, 60 அடி என்றே இருந்தாலும் மூலை 90 பாகைக்குப் பதில் 80 பாகையில் சாய்ந்திருந்தால், பரப்பு ஏறத்தாழ 2,364 சதுர அடிதான். எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரிகளைப் பெருக்கிப் பரப்பு எழுதும் வழக்கம் பழைய பத்திரங்களில் சாதாரணம். அந்தக் கணக்கு உண்மையான பரப்புக்குச் சமமாகவோ கூடுதலாகவோ வருமே தவிர, ஒருபோதும் குறைவாக வராது. அதாவது, பிழை எப்போதும் வாங்குபவருக்கு நட்டமாகவே விழும். எனவே மூலைவிட்டத்தை அளக்காத அளவை அளவையே ஆகாது.

தனியார் அளவரா, அரசு அளவரா என்று அடுத்துக் கேட்பீர்கள். வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்கு உரிமம் பெற்ற தனியார் அளவர் போதும். ஆனால் அவருடைய வரைபடம் பக்கத்து வீட்டாரைக் கட்டுப்படுத்தாது. வேறுபாடு ஏதும் தென்பட்டால், தற்போதைய பட்டாதாரரான விற்பவரின் பெயரிலேயே அரசு அளவைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அப்போது பக்கத்து நிலத்தாருக்கும் அறிவிப்புப் போய், அவர்கள் முன்னிலையில் எல்லை காட்டப்படும். தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் 1923ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எல்லையைத் தீர்மானிக்க உரிய வழி அதில்தான் உள்ளது. புலப்படத்தையும், நில விவரங்கள் அடங்கிய அ-பதிவேட்டையும் அரசின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம் என்பதால், அளவர் வருவதற்கு முன்பே அவற்றின் பிரதியை எடுத்து வையுங்கள். கைப்பேசிச் செயலியில் புலப்படத்தைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் போர்த்திக் காட்டுபவர்களை நம்ப வேண்டாம். கைப்பேசியின் இடங்காட்டி சில மீட்டர் தவறும். உங்கள் சிக்கலோ அங்குலக் கணக்கில் இருக்கும்.

கிழக்குவாசல் எழுதியது:

சகோதரி, எனக்கு நேர்ந்ததை மட்டும் கூறுகிறேன். 2011இல் திருச்சியில் ஒரு வீடு வாங்கினேன். மனையில் பரப்புக் குறைந்துவிடக் கூடாதே என்ற கவலையில் நானே டேப் பிடித்து அளந்தேன். பத்திரத்தில் இருந்ததைவிட அரை அடி கூடுதலாகவே இருந்தது. மகிழ்ச்சியோடு பதிவு செய்தேன். பக்கத்து மனை காலியாகக் கிடந்தது. அதன் உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தார். எட்டு ஆண்டுகள் கழித்து அவர் வீடு கட்ட வந்து அரசு அளவரை வைத்து அளந்தபோதுதான், எனக்குக் கூடுதலாகக் கிடைத்த அந்த அரை அடி யாருடையது என்று தெரிந்தது. சுற்றுச்சுவர் மட்டுமன்று, மாடிக்குச் செல்லும் வெளிப்படிக்கட்டின் ஒரு பகுதியும், கழிவுநீர்த் தொட்டியின் ஒரு பக்கச் சுவரும் அவருடைய நிலத்தில் இருந்தன. தொட்டியின் மூடி என் வாசலில்தான் இருந்தது. தரைக்குக் கீழே அது எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது என்று யார் பார்த்தார்கள்!

விற்றவரைத் தொடர்பு கொண்டபோது, நீங்கள் பார்த்து, அளந்து, திருப்திப்பட்டுத்தானே வாங்கினீர்கள் என்றார். வழக்கறிஞரிடம் போனேன். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி, தனக்குத் தெரிந்த முக்கியமான குறைகளை விற்பவர் வெளிப்படுத்தியாக வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு இருந்தாலே கண்டுபிடித்திருக்கக் கூடிய குறைக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைப்பது கடினம் என்று அவர் விளக்கினார். எல்லையை அளந்து பார்ப்பது சாதாரணக் கவனத்தில் அடங்காது என்று நீதிமன்றத்தில் வாதிட எனக்கே கூச்சமாக இருந்தது. படிக்கட்டை இடித்து உள்பக்கமாக மாற்றினேன், தொட்டியை மூடிவிட்டுப் புதிதாகக் கட்டினேன். பக்கத்து மனைக்காரர் நல்லவர் என்பதால் ஓராண்டு அவகாசம் கொடுத்தார். அவர் நல்லவராக இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதில்லை.

கான்கிரீட்_காதலன் எழுதியது:

தாமதமாக வருகிறேன். நான் பழைய கட்டடங்களை ஆய்வு செய்யும் கட்டமைப்புப் பொறியாளர். எனவே என் பேச்சில் தொழில் சார்பு இருப்பதாகக் கொண்டே படியுங்கள்.

முதலில் வங்கி மதிப்பீட்டாளரைப் பற்றி. அவர் வங்கியின் ஆள். கடன் திரும்பி வராவிட்டால் இந்தச் சொத்தை விற்று எவ்வளவு எடுக்கலாம் என்பதே அவருக்கு இடப்பட்ட வேலை. மனையின் சந்தை விலையே கடன் தொகையைத் தாங்கும் என்றால், குளியலறைக் கூரையில் கம்பி தெரிந்தாலும் அவருக்கு அது பெரிய செய்தியல்ல. அவர் கடன் கொடுக்கலாம் என்று எழுதியதை வீடு நன்றாக இருக்கிறது என்று படித்துக்கொள்வது பலர் செய்யும் தவறு.

முப்பது ஆண்டுகள் நின்றது இன்னும் முப்பது ஆண்டுகள் நிற்கும் என்ற கருத்துக்கு வருகிறேன். செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளைக் குறித்து அப்படிச் சொன்னால் ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். கம்பியும் கான்கிரீட்டும் சேர்ந்த கூரை வேறு வகை. புதிய கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை மிகுதி. அது கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உள்ளே புகுந்து அந்தக் காரத்தன்மையைக் குறைத்துக்கொண்டே போகும். கம்பியின் மட்டத்தை அது எட்டிய பிறகு, ஈரமும் சேர்ந்தால் துரு தொடங்கிவிடும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் அடியிலிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கூரைத் தளத்தின் கம்பிக்கு அடியில் குறைந்தது 20 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும் என்பது விதி. தொண்ணூறுகளில் சிறு மேஸ்திரிகள் கட்டிய வீடுகளில் அதில் பாதி இருந்தாலே நல்ல வேலை என்பேன்.

இதைக் கண்டறியும் சோதனை எளிமையானது. பூச்சை ஒரு சாண் அகலத்துக்குக் கொத்தி எடுத்து, புதிதாக உடைந்த கான்கிரீட்டின்மேல் பினாப்தலீன் கரைசலைத் தெளிப்போம். காரத்தன்மை மிஞ்சியிருக்கும் இடம் இளஞ்சிவப்பாக மாறும். இழந்த இடம் நிறம் மாறாது. நிறம் மாறாத ஆழம் கம்பியைத் தொட்டுவிட்டதா என்பதே கேள்வி. சிலர், மேற்பரப்பில் தட்டி வலிமையைக் கணிக்கும் சுத்தியல் சோதனையை மட்டும் செய்துவிட்டு எண்களை அடுக்கி அறிக்கை கொடுப்பார்கள். காரத்தன்மை இழந்த பழைய கான்கிரீட்டின் மேற்பரப்பு இறுகிக் கடினமாகிவிடுவதால், சுத்தியல் உண்மையைவிட நல்ல எண்ணையே காட்டும் என்பதை அவர்கள் குறிப்பிடுவதில்லை. 18,000 ரூபாயில் எந்தெந்தச் சோதனைகள், எத்தனை இடங்களில் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். குளியலறை, கழிப்பறை ஆகியவற்றுக்கு நேர்கீழே உள்ள கூரைப்பகுதிகள், சன்ஷேடுகள், மொட்டைமாடித் தொட்டியைத் தாங்கும் தூண்கள் ஆகியவை அதில் கட்டாயம் இருக்க வேண்டும். பூச்சைக் கொத்துவதற்கு விற்பவரின் ஒப்புதல் தேவை. திரும்பப் பூசிக் கொடுக்கும் செலவையும் நீங்களே ஏற்பதாகக் கூறிவிடுங்கள்.

2006இல் எழுப்பிய முதல் தளம்தான் இந்த வீட்டில் என் கண்ணை உறுத்துகிறது. 1992இல் அடித்தளம் போட்டபோது மேலே இன்னொரு தளம் வரும் என்று எண்ணித்தான் போட்டார்களா? அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் முதல் தளம் உண்டா? இல்லையென்றால் அது சட்டச் சிக்கலும் கட்டமைப்புச் சிக்கலும் சேர்ந்தது. ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல், செங்கல் இணைப்புகளைப் பின்பற்றிப் படிப்படியாகப் போகும் விரிசல் ஆகியவற்றை அண்மையில் பூசி மறைத்திருக்கிறார்களா என்று பொறியாளர் பார்ப்பார். விற்பனைக்கு முன் முழு வீட்டுக்கும் புதிய வண்ணம் அடித்திருந்தால், மாடிப்படிக்கு அடியிலும் அலமாரிகளுக்குள்ளும் பாருங்கள். அங்கெல்லாம் பெயிண்டர் கையை நுழைக்க மாட்டார்.

அது போலத்தான் வெள்ளமும். 2015 டிசம்பரில் முடிச்சூர்ப் பகுதி எப்படி மூழ்கியது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சுவரில் இருந்த நீர்க்கறையை இதற்குள் பலமுறை வண்ணம் மூடியிருக்கும். ஆனால் பழைய சுவிட்ச் பெட்டிகளின் மூடியைக் கழற்றினால் உள்ளே வண்டல் படிந்திருக்கும். மரக் கதவு நிலைகளின் அடிப்பாகம் மட்டும் புதிதாக ஒட்டுப்போடப்பட்டிருக்கும். வீட்டுத் தரை மட்டத்தையும் சாலை மட்டத்தையும் அளவர் கருவியோடு வரும் அன்றே ஒப்பிட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போடப்பட்ட சாலைகளால், ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீடுகள் இன்று சாலைக்குக் கீழே இருக்கின்றன. தரையை உயர்த்துவது, அல்லது வீட்டையே தூக்குவது, என்ன செலவு ஆகும் என்பது விலை பேசுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய எண்.

சங்கிலி_அளவர் எழுதியது:

அம்மா கேட்டதில் ஒன்றுக்கு இன்னும் விடை கூறப்படவில்லை. முன்பா, பின்பா? இயன்றால் முன்பு. விற்பவர் முன்பணம் இல்லாமல் வீட்டுக்குள் ஆளை விட மறுத்தால், சிறு தொகையை மட்டும் கொடுத்து, ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்: மனை விலை அளந்து கண்ட பரப்பின்படி சதுர அடிக் கணக்கில் தீர்மானிக்கப்படும் என்பது ஒன்று, 15 நாள்களுக்குள் வரும் ஆய்வு அறிக்கை திருப்தியளிக்காவிட்டால் முன்பணம் பிடித்தமின்றித் திருப்பித் தரப்படும் என்பது மற்றொன்று. நேர்மையான விற்பவர் இதற்குக் கோபிக்க மாட்டார். பத்திரச் செலவாக மட்டும் 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் கட்டப்போகிறீர்கள். 1 கோடியே 30 லட்சத்துக்கு அது 11 லட்சத்து 70 ஆயிரம். அதனோடு ஒப்பிட்டால் 27,000 எவ்வளவு என்று பாருங்கள். அந்த வரிசையில் நிற்கும் இருவரைத் தரகர் கடைசி வரை உங்கள் கண்ணில் காட்ட மாட்டார் என்பது என் ஊகம்.

தாம்பரம்_ஆசிரியை எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விற்பவர் முதலில் முகம் சுளித்தார், பிறகு 50,000 ரூபாய் முன்பணத்தின்பேரில் இரண்டு வரிகளுக்கும் ஒப்புக்கொண்டார். காத்திருந்த இருவரைப் பற்றிப் பேச்சே இல்லை.

அளவர் தெருமுனையில் ஒரு கல்லையும், பின்பக்கத் தோப்பில் முள்ளுக்கு நடுவே மற்றொரு கல்லையும் கண்டுபிடித்து, அங்கிருந்து வந்தார். வடக்குப் பக்கத்து வீட்டின் சுற்றுச்சுவர் 60 அடி நீளத்துக்கும் 9 அங்குலம் எங்கள் பக்கம் வந்திருக்கிறது. அதில் 45 சதுர அடி. பின்மூலை சாய்ந்திருப்பதில் இன்னும் 17 சதுர அடி. ஆக 2,338 சதுர அடி. ஒப்பந்தப்படி 2 லட்சத்து 79 ஆயிரம் ரூபாய் குறைகிறது. சுவரை நகர்த்தச் சொல்லி நாங்கள் வழக்குக்குப் போவதாக இல்லை. 12 ஆண்டுகளுக்கு மேலாக நிற்கும் சுவர் என்பதால் எதிரிடை அனுபவம், அதாவது நெடுங்காலம் அனுபவித்ததாலேயே இடம் தங்களுடையதாகிவிட்டது, என்று வாதிடுவார்கள், அந்த வாதம் நிற்காவிட்டாலும் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்று வழக்கறிஞர் எச்சரித்தார்.

பொறியாளர் அறிக்கையில், கீழ்த்தளக் குளியலறைகளின் கூரையிலும் இரண்டு சன்ஷேடுகளிலும் கான்கிரீட்டின் காரத்தன்மை இழப்பு கம்பி வரை போய்விட்டது என்றும், ஏனைய இடங்கள் இப்போதைக்குப் பரவாயில்லை என்றும் உள்ளது. முதல் தளம் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் இருக்கிறது. தரை மட்டம் சாலையைவிட 7 அங்குலம் தாழ்வு. கட்டட விலையில் 4 லட்சம் குறைக்கக் கேட்டோம், இரண்டரைக்கு வந்திருக்கிறார்.

அளவை நடந்த அன்று வேடிக்கை பார்க்க வந்த வடக்கு வீட்டுப் பெரியவர், 2015இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று நாங்கள் கேட்காமலேயே தம் மார்பில் கை வைத்துக் காட்டினார். அதைப் பற்றித்தான் இப்போது வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். இன்னும் முடிவெடுக்கவில்லை.

சங்கிலி_அளவர் எழுதியது:

முடிவெடுத்து வாங்குவதானால், கிரையப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் பழைய 2,400ஐ அப்படியே நகலெடுக்க விடாதீர்கள். அளந்து கண்ட நான்கு பக்கங்களையும் ஒரு மூலைவிட்டத்தையும் எழுதச் சொல்லி, அளவரின் வரைபடத்தையும் இணைத்துப் பதிவு செய்யுங்கள். பத்திர எழுத்தர், மூலைவிட்டம் எழுதும் வழக்கமில்லை என்பார். எழுதச் சொல்லுங்கள்.